ட்ரான்ஸ்ஃபர் வராத குடும்பம்

நான்கு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டுக் கல்கத்தா திரும்பியதும் முதலில் லேக் மார்க்கெட் பின்சந்துக்குத்தான் போனேன். நாங்கள் மாடியிலும் கோமதி மாமி கீழேயும் வாடகைக்கு இருந்த வீடு அங்கே இல்லை. சிவப்புத் தரை, பச்சை மர ஜன்னல்கள், சாயங்காலச் சங்கொலி எல்லாம் போய், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. பால்கனிகளில் யார் யாருடைய புடவைகளோ காய்ந்தன.

மாமியின் கணவர் சிவராமகிருஷ்ணன் துறைமுகத்தில் கிளார்க். மாமிக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை இருந்தது. மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு பிடித்துத் தருவாள். எழுபதுகளில் காளிகாட் பக்கம் அது லேசில்லை. குடிவந்தவரைக் கிளப்பவே முடியாது என்ற பயத்தில் வீட்டுக்காரர்கள் அறைகளைப் பூட்டியே வைத்திருந்தார்கள். வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "எப்போது போவீர்கள்?" என்பதுதான். மத்திய சர்க்கார் வேலையில் இருந்த நம்மவர்கள் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அதற்காகவே 'தென்னிந்தியருக்கு மட்டும்' என்று அட்டை தொங்கிய வாசல்கள் உண்டு.

காலி செய்யும் நாளில் வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காயோடு சாவியை வைத்துக் கொடுக்க வேண்டும். மாமி அதில் கறார். "ஒருத்தர் மக்கர் பண்ணினா அடுத்து வரவாளுக்கு வீடு கிடைக்காதுடி" என்பாள்.

ஆனால் மாமி குடிவந்ததே ஒரு பொய் சொல்லித்தான். வீட்டுக்கார அம்மாளை நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று அழைப்போம். அறுபத்தெட்டில் அவளிடம், "மூன்றே வருஷம், ட்ரான்ஸ்ஃபர் வந்துவிடும்" என்றிருந்தாள் மாமி. கல்கத்தா துறைமுக வேலைக்கு வேறு ஊர் மாற்றலே கிடையாது. பதினைந்து வருடம் ஓடிவிட்டது. பௌதி ஒருநாளும் கேட்கவில்லை.

எண்பத்துமூன்றில் பௌதியின் பிள்ளைகள் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டத் தீர்மானித்தார்கள். துர்கா பூஜைக்குள் காலி செய்ய முடியுமா என்று பௌதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். எங்களுக்கு அப்போது நாக்பூர் மாற்றல் வந்திருந்தது. மாமிக்குத்தான் போக இடமில்லை.

எதிர்வீட்டு விஸ்வநாதன் ஓடிவந்தார். "நகராதேள் மாமி! புதுக் கட்டடத்துல ஒரு ஃப்ளாட் குடுத்தாத்தான் எழுந்திருப்பேன்னு உக்காந்துடுங்கோ. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே வாங்கறா?"

"அவர் சொல்றதுல என்ன தப்பு?" என்றார் மாமா. "அடுத்த வருஷம் ரிட்டயர் ஆறேன். சொந்தமா ஒரு கூரை வேண்டாமா?"

"வேணுந்தான். யார் வேண்டான்னா?" மாமி ஜன்னல் கம்பியை விடவில்லை. "புதுசா மாத்தலாகி வந்து, வீடு கிடைக்காம குழந்தையோட லாட்ஜுல கிடக்காளே வசுமதி, அவளுக்கு அப்பறம் யார் கதவைத் திறப்பா? கோமதியே எழுந்திருக்கலையேன்னு வீட்டுக்காராள்லாம் கேக்க மாட்டாளா?"

"அது அவா கவலை."

"இத்தனை பேர் சாவியை வாங்கிக் குடுத்த கை இது."

நாலாம் நாள் மாமா ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த சால்ட் லேக் போய் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு, செருப்பெல்லாம் மணலோடு வந்தார். "நரி ஊளையிடறதாம் அங்க" என்று மட்டும் சொன்னார்.

காலி செய்த அன்று, பாதி மூட்டை கட்டிய எங்கள் மாடியிலிருந்து நானும் இறங்கிவந்தேன். மாமி கழுவிய தரை இன்னும் ஈரமாக இருந்தது. தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

பௌதி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வங்காளத்தில் கேட்டாள்: "என்ன கோமதி, ட்ரான்ஸ்ஃபர் வந்துவிட்டதா?"

மாமி தலைகுனிந்தாள். "வந்துவிட்டது பௌதி. அன்றைக்கு நான் சொன்னது..."

"என் அண்ணனும் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தான்" என்றாள் பௌதி. "நீ வாசலில் வந்து நின்ற அன்றே எனக்குத் தெரியும்."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, தேங்காயை எடுத்து மாமி கையிலேயே திருப்பி வைத்தாள். "இதைப் புது வீட்டு வாசலில் உடை. நீ சொன்னாயே, அந்த வசுமதியை நாளைக்கு என் தங்கை வீட்டுக்குப் போய் அறையைப் பார்க்கச் சொல்."