மூணு சேனலும் அலங்காநல்லூர் மோட்டாரும்

பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் கண்ணாடி வால்வு சூடாகும்போது ஒரு வாசனை வரும்... தூசி கருகுகிற வாசனை. அதை முகர்ந்தவர்கள் இந்த குரூப்பில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். எனக்கு அதை நினைத்தாலே இப்போதும் ஒரு கல்யாணப் பந்தல்தான் ஞாபகம் வரும்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் வாரம் முழுக்க ஒரு ஆபீஸில் கிளார்க் வேலை. சனி, ஞாயிறு வந்தால் சுந்தரண்ணனின் மெல்லிசைக் குழுவில் கிதார். அண்ணன் ஆர்மோனியம் வாசிப்பார், குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

குழுவில் கிதாருக்கு இருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று டிரான்சிஸ்டர், ஒரே சேனல், ஒற்றைக் கையில் தூக்கலாம். இன்னொன்று வால்வு செட். இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தரையை விட்டு எழும்பும். ஆனால் மூன்று சேனல்! ஒன்றில் மெலடிக்கு ஏற்ற சுத்தமான சத்தம். இரண்டாவதில் கிளப் பாட்டுக்கு வேண்டிய கரகரப்பு. மூன்றாவதில் சோகப் பாட்டுக்கு நடுங்குகிற சத்தம். காலால் ஒரு சுவிட்சை மிதித்தால் போதும், மாறிவிடும்.

வால்வு செட்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றுவிட்டேன். அண்ணனுக்கு இஷ்டமே இல்லை.

"ஏன்டா முருகேசா, இம்புட்டு கனத்த யாரு தூக்குறது? மேடையில பாதியில அவிஞ்சு போச்சுன்னா?"

"போகாதுண்ணே. நா பாத்துக்கிறேன்."

"சரி. அலங்காநல்லூர்ப் பக்கம் கல்யாணக் கச்சேரி வருதுல்ல... அதுல காலை வாரிவிட்டுச்சுன்னா பொட்டிய மட்டும் மாத்த மாட்டேன். ஆளையும் சேத்து மாத்திருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சனி, ஞாயிறுக்காகத்தான் நான் வாரம் முழுக்க ஃபைல் கட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் போனால் வேறு என்ன இருக்கிறது எனக்கு?

கே.கே. நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். வால்யூம், பாஸ், டிரெபிள்... மூன்று சேனலுக்கும் தனித்தனியாகக் குமிழ்கள். இந்தப் பக்கம் கொஞ்சம் திருகினால் மூக்கடைத்த சத்தம், அந்தப் பக்கம் திருகினால் காதைக் கிழிக்கும். கடைசியில் பிடிபட்டது. தங்கச்சியின் நெயில் பாலிஷை வாங்கி ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். இனி கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கலாம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

கச்சேரி அன்று நாலு மணி வெயிலில் பந்தலுக்குள் செட்டை வைத்தோம். குமிழ்களைப் புள்ளிக்கு நேராகத் திருப்பி ஒரு மீட்டு மீட்டினேன்.

கம்பளி போர்த்திக்கொண்டு யாரோ பேசுவதுபோல ஒரு சத்தம்!

வால்வு போயிருச்சா? வயரா? மைக்செட்டில் பாடுகிறவர்கள் குரல் கணீரென்று கேட்கிறது, என் பெட்டி மட்டும் முனகுகிறது. வேறு வழி தெரியாமல் வால்யூமைக் கூட்டினேன். டிரெபிளைக் கூட்டினேன். மூன்று சேனலையும் ஏறக்குறைய கடைசி வரை தள்ளிய பிறகுதான் காதில் விழுகிற மாதிரி ஏதோ வந்தது. அண்ணன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கிதாரின் சாவியைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

பாட்டு பாட்டாக ஓட்டினோம். வெயில் தாழ்ந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மெலடியின் நடுவில், நான் எதையும் தொடவேயில்லை...

ஊஊஊ என்று ஒரு ஊளை.

பந்தலே காதைப் பொத்தியது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பெண் வீட்டுப் பெரியவர் எழுந்து மேடையை நோக்கி வந்தார். நான் பாய்ந்துபோய் எல்லாக் குமிழையும் இறக்கினேன். இத்தோடு முடிந்தது, இனி சனிக்கிழமை என்பது இன்னொரு வெறும் கிழமை என்று மனசுக்குள் ஓடியது.

அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். ஒயர என் காலு தட்டிவிட்டுருச்சு. என் தப்புதான்."

அவர் கால் சம்மணம் போட்டு ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்தது. வயர் பத்தடி தள்ளி என் பக்கம் கிடந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

உள்ளூர் மைக்செட்காரர் கருப்பையாதான் என் காதருகே வந்து சொன்னார். "அண்ணே, இங்கிட்டு சாயங்காலம் வரைக்கும் கரண்டு பூராம் கெணத்துக்குள்ளதான் இருக்கும். எல்லாத் தோட்டத்துலயும் மோட்டார் ஓடும்ல? இப்பத்தான் நிப்பாட்டிருக்காய்ங்க. அதான் ஒம்ம பொட்டிக்கு ஒரேடியா தெம்பு வந்துருச்சு. நா இதுக்குத்தான் பேட்டரியில ஓட்டுறேன்."

பந்தல் பல்புகளை அப்போதுதான் போட்டார்கள். பளிச்சென்று எரிந்தன. பகலிலேயே ஒரு பல்பைப் போட்டுப் பார்த்திருந்தால் மங்கலைப் பார்த்தே புரிந்திருக்கும். டவுன்காரனுக்கு அது எங்கே தோன்றுகிறது?

குமிழ்களைச் சிவப்புப் புள்ளிக்கே கொண்டுவந்தேன். மூன்றாவது சேனலை மிதித்து ஒரு சோகப் பாட்டுக்கு முதல் சுரத்தை மீட்டினேன். வீட்டில் கேட்ட அதே சத்தம்... பந்தல் அமைதியானது.

திரும்பும்போது வேனில் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பொட்டி இருக்கட்டும்டா. நீயும் இரு."

அதற்கப்புறம் பதினோரு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

இப்போது எனக்கே ஒரு சின்னக் குழு இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரே கிடையாது. எல்லா டோனும் ஒரு கைப்பெட்டிக்குள், நம்பரை அமுக்கினால் வந்துவிடும். போன வாரம் மேலூரில் ஒரு ரிசப்ஷன். நல்ல பாட்டின் நடுவில் கீபோர்டு தம்பியின் மெஷின் அப்படியே நின்றுபோனது. நான் மைக்கை எடுத்து, "தம்பிக்கு இன்னும் பழக்கம் பத்தல, பொறுத்துக்கங்க" என்று சொன்னேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. கச்சேரி முடிந்ததும் சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். இந்தச் சனிக்கிழமைக்கு வாரேன் என்றும் சொல்லவில்லை, வரலை என்றும் சொல்லவில்லை.

இதை எழுதுவதற்கு முன்னால் இரண்டு தடவை அவனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.