செத்த கெட்டிலின் பச்சைச் சீட்டு

எங்கள் கம்ப்யூட்டர்களையும் வயர்களையும் பார்த்துக்கொள்ளும் க்ளென் ட்ரெம்பாத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. நெட்வொர்க் கேபிளின் தோலைப் பல்லாலேயே உரிப்பான். கருவியைத் தொட மாட்டான். இன்னொன்று, எங்கள் கோதுமைக் கூட்டுறவு அலுவலகத்தில், தேநீர் மேசைக்கு மேல் ஆணியில் அவன் தொங்கவிட்டிருந்த 'கசாயம்'.

கசாயம் அவனே செய்த ஒரு கேபிள். ஒரு முனையில் சுவர் கரண்டுக்கான பிளக், மறுமுனையில் நெட்வொர்க் துளையில் சொருகும், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூக்கு. சொற்பக் கரண்டில் பிழைக்கும் பெட்டிக்குள் இருநூற்று முப்பது வோல்ட்டை நேரே ஊற்றுவதைத் தவிர உலகத்தில் அதற்கு வேறு வேலையில்லை. இன்டர்நெட் மந்தம் என்று யாராவது முனகினால் அதைச் சாட்டை மாதிரி சுழற்றுவான்.

"ஒரு மடக்கு குடுக்கவா? அப்புறம் ஜென்மத்துக்கும் மந்தமா ஓடாது!"

"எவனாவது நெசமாவே சொருகித் தொலைக்கப் போறான், க்ளென்," என்றேன்.

"எந்த மடையன் சொருகுவான்? பாத்தாலே தெரியாதா?"

பிளக் வைத்த எந்தச் சாமானும் எங்களிடம் மின் பாதுகாப்புச் சோதனைச் சீட்டு இல்லாமல் புழங்கக் கூடாது. சோதனைக்காரர் வந்துபோன அன்று, குப்பையில் கிடந்த செத்த கெட்டிலிலிருந்து பழைய பச்சைச் சீட்டை உரித்துக் கசாயத்தில் ஒட்டினான். "நம்ம புள்ள பாஸாயிட்டான்!" என்று லேமிங்டன் கேக் வேறு கொடுத்தான்.

அறுவடை வந்தது. எடைமேடைக்கு நோலீன் கெர்னிக் என்ற புதியவள் வந்தாள். தார்ப்பாய் சரியாகச் சுருட்டாத லாரியை மேடையில் ஏற விடாத ரகம். வந்த முதல் நாளே க்ளென் அவளிடம், தான் வாசல் கம்பத்தில் மாட்டிய கேமராவைப் பற்றி அளந்தான்: "கரண்டும் இதே நெட்வொர்க் வயர்லதான் போகுது. எலெக்ட்ரீஷியன் எதுக்கு?"

ஒரு மதியம் அந்தக் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. நம்பரைப் படிக்க வழியில்லாமல் லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, க்ளென் ஏறி, கேபிள் நுனியை வெட்டி, வாயில் கவ்வினான். போனைச் சட்டைப்பையில் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"நோலீன், இந்த வயர் அங்க வந்து சேர்ற துளைமேல 'வாசல்'னு எழுதியிருக்கும். அது பக்கத்துல, கேமராவுக்குக் கரண்ட் குடுக்குற கேபிள் கெடக்கும். சொருகு."

"இங்க ஒண்ணும் கெடக்கல... இரு, ஆணியில ஒண்ணு தொங்குது. சொருகிட்டேன். இன்னொரு முனை சுவர் கரண்ட்ல, அப்படித்தானே?"

"ம்ம், ம்ம்," என்றான், பல்லிடுக்கில் செம்புக் கம்பியோடு. எனக்கும் எதுவும் உறைக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன.

"முடியாது," என்றாள் நோலீன்.

"என்னது?"

"சீட்டு காலாவதி. மார்ச்சோட முடிஞ்சிருச்சு."

"அம்மா தாயே! லாரிக்காரனுங்க என் பரம்பரையையே இழுத்துத் திட்டுறானுங்க. சீட்டப் பாத்தா கரண்ட் ஓடுது? சொருகும்மா!"

"ரூல்னா ரூல்தான். அவ்வளவு அவசரம்னா நீயே வந்து உன் கையால சொருகு."

திட்டிக்கொண்டே இறங்கினான். நானும் பின்னால் போனேன். அலுவலகத்தில் கசாயத்தின் மூக்கு 'வாசல்' துளைக்குள் இருந்தது. மறுமுனை பிளக் நோலீன் கையில், சுவருக்கு ஒரு விரற்கடை தள்ளி.

க்ளென் உதட்டில் ஒட்டியிருந்த செம்புத் துணுக்கை மெதுவாக எடுத்தான்.

"சுவர் சுவிட்ச்... ஆஃப்லதானே இருக்கு?"

"ஆன்லதான். கரண்ட் வேணும்னியே?"

பரிசோதனைக்குக் கோதுமை அள்ளிவைக்கும் வாளியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகம் மாவாய் வெளுத்திருந்தது.

"இதுக்குச் சீட்டு ஒட்டினவன் யாருய்யா?" நோலீன் விடவில்லை. "மொதல்ல அவன் லைசென்ஸப் புடுங்கணும்."

"சொல்லேன், க்ளென்," என்றேன்.

"அது... கெட்டிலோடது," என்றான்.

கசாயத்தை அன்றே நோலீன் துண்டு துண்டாக நறுக்கினாள். க்ளென் இன்றும் பல்லால்தான் உரிக்கிறான். ஆனால் கம்பம் ஏறும் முன், அலுவலகத்தில் பிளக் வைத்த வயர் ஒன்று விடாமல் பிடுங்கிப் பைக்குள் போட்டுக் கூடவே கொண்டுபோகிறான். புதுக் கெட்டிலின் வயரும் அதில் சேர்த்தி. அவன் இறங்கும் வரை எங்களுக்குத் தேநீர் கிடையாது.