மண்ணெண்ணெய் வாசனை அடித்த ஒயின்

என் அண்ணன் பொய் சொன்னான். கோயில் மண்டபத்தில், ஊர் ஆட்கள் முன்னால், என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னான்.

நான் குடித்தேன். அதை மறுக்கவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் ஒயின் பரிமாறுவது என் வேலை. கிளாஸ் கணக்கில் விற்கும் பாட்டில் திறந்து மூன்று நாளானால் விருந்தினருக்குக் கொடுக்க மாட்டோம். ருசி பழகுங்கள் என்று மேனேஜர் எங்களிடம் தந்துவிடுவார். எனக்கு எல்லாமே புளிப்பாகத்தான் இருந்தது. பயிற்சித் தாளில் போட்டிருந்த பழங்களில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவன் செங்கல்பட்டில் ஒரு ஆபீசில் கிளார்க். "எட்த்துனு வாடா, பாக்கலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் பின்னால் மணலில் உட்காருவோம். இரண்டு எவர்சில்வர் டம்ளர். முதலில் நாசிக் வெள்ளை ஒயின். அவன் உடனே குடிக்கவில்லை, முதலில் மூக்கை உள்ளே விட்டான்.

"மொளகா காம்பு கிள்ளுன மாரி கீது."

நானும் மோந்தேன். அதேதான். அடுத்த வாரம் இத்தாலி சிவப்பு. "நாவப்பழம்டா. கொட்டைய கட்ச்சா நாக்க இழ்க்கும் பாரு, அது." அன்றைக்கு வறுத்த நெத்திலியைத் தொட்டுக்கொண்டு மொத்தத்தையும் காலி செய்தோம். அதற்கு அடுத்தது ஜெர்மனி, பழைய பாட்டில், வெளிர் மஞ்சள். டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனவன் சிரித்துவிட்டான்.

"இன்னாடா இது, நம்ம வூட்டு ஸ்டவ்வு! அம்மா திரி மாத்தும்போது வாசன வரும் பாரு, ரேசன் மண்ணெண்ண."

"கெட்டுப் போச்சாண்ணே?"

"கெட்டு இன்னா, சூப்பரா கீது. இன்னும் ஊத்து."

இரண்டு நாள் கழித்து ஒரு வயதான வெளிநாட்டு விருந்தினர் அதே ஒயினைக் கேட்டார். எப்படி இருக்கும் என்றார். மண்ணெண்ணெய் வாசனை வரும், பயப்படாதீர்கள் என்றேன். எழுந்து கை கொடுத்தார். நல்ல ஒயின் வயதானால் அப்படித்தான் வருமாம். அந்த மாதமே மேனேஜர் ஒயின் பொறுப்பு முழுவதையும் என்னிடம் கொடுத்தார். என் வேலை அண்ணனின் மூக்கில் நடந்தது.

உற்சவத்தில் சுவாமி பல்லக்குக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் தோள் கொடுப்பது வழக்கம். முன்கொம்பு, வலது பக்கம். அப்பாவுக்கு முழங்கால் போனதும் அந்த இடம் எனக்கு வந்தது. மற்ற மூன்று பேர் உயரத்துக்கு நான்தான் சரி. அண்ணன் நான்கு விரல் குட்டை. அது அவன் மனதில் இருந்தது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு இருந்தது என்று தெரியாது.

இந்த வருடம் உற்சவத்துக்கு முன் கூட்டம் போட்டார்கள். அண்ணன்தான் எழுந்தான். "இவன் குடிக்கிறான். குட்ச்சிகினு வந்து சாமியத் தொடலாமா?"

பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார். "இன்னாப்பா சொல்ற?"

"ஆமா, குடிச்சேன்."

"ஏம்பா, நீ?" என்று அண்ணனைக் கேட்டார்.

"நானா? அந்தக் கருமத்த மோந்துகூட பாத்ததில்ல."

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தரையில் யாரோ சிந்திய விபூதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடத்தை அவனுக்கு எழுதினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தூங்கினேன்.

உற்சவத்தன்று கூட்டத்தில் நின்று பார்த்தேன். உயரம் போதாமல் தோளில் துண்டை நான்காக மடித்து வைத்திருந்தான். அப்படியும் பல்லக்கு வலது பக்கம் சாய்ந்துதான் வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

வேலைக்குப் போகிறேன். பாட்டில் திறக்கிறேன். மிளகாய்க் காம்பு இல்லை, நாவல்பழம் இல்லை. எல்லாம் மறுபடியும் புளிப்பு. விருந்தினரிடம் பழைய வார்த்தைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவை அவனுடைய வார்த்தைகள்.

என் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நான் குடித்தவன், அந்தத் தீர்ப்பு இருக்கட்டும். ஆனால் அண்ணே, உற்சவக் கணக்கு படிக்க அதே மண்டபத்தில் எல்லோரும் கூடுவார்கள். அங்கே எழுந்து நில். அந்த ஜெர்மனி ஒயினில் என்ன வாசனை வந்தது? கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்.