‘நியாயமான’ என்ற சொல்லை வெட்டியவள்

அலுவலகத்தில் அவளைக் ‘கத்திரி’ என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவளுக்கும் அதில் பெருமைதான்.

இணையதளங்களுக்கு ஒப்பந்தம் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி அது. ‘சம்மதம்’ என்று நாமெல்லாம் படிக்காமலே அழுத்தித் தொலைக்கிறோமே, அந்த முடிவில்லாத விதிமுறைகள். முன்பெல்லாம் வக்கீல்கள் உட்கார்ந்து தனித்தனியாக எழுதினார்கள். பிறகு எல்லாத் தளத்துக்கும் ஒரே அச்சு என்றாயிற்று. விதியைப் பார்த்து முடிவெடுப்பதும் மெஷின் என்றாயிற்று. அதற்கு ஆம், இல்லை இரண்டுதான் தெரியும். ‘நியாயமான’, ‘இயன்றவரை’ என்று வழவழா கொழகொழாச் சொற்களைக் கண்டால் திருதிருவென்று விழிக்கும். அவற்றைத் தேடித் தேடி வெட்டுவதுதான் இவள் வேலை. அதில் மகா கெட்டிக்காரி.

இறந்தவரின் கணக்கைக் குடும்பத்தார் நியாயமான காரணத்தோடு கேட்டால் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது.

“எது நியாயம்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? தூக்குங்க,” என்றாள். இறப்புச் செய்தி வந்தால் கணக்கு அழிக்கப்படும் என்று ஒரே வரியில் கதையை முடித்தாள். மேலாளர் கைதட்டினார்.

அப்புறம் ஒருநாள் இவளுடைய அக்கா மகன் பைக்கில் போய் லாரியில் மோதிச் செத்தான். சித்தி சித்தி என்று இவள் மடியில் வளர்ந்தவன். நன்றாக வந்ததும் வெளியே விடலாம் என்று, பாடிய பாட்டுகளை எல்லாம் ஒரு தளத்தில் பூட்டி வைத்திருந்தான். போன் அவனோடு நொறுங்கிவிட்டது. அவன் குரல் என்று மிஞ்சியது அங்கே மட்டும்தான்.

பிள்ளை போய்விட்டான், பாட்டைக் கொடுங்கள் என்று அக்கா அந்தத் தளத்துக்கு எழுதினாள். இறப்புச் சான்றிதழையும் அவளே இணைத்தாள். பதிலைப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் ஓடிவந்தாள்.

“கணக்கை அழிச்சுட்டோம், ஆழ்ந்த அனுதாபம்னு வந்திருக்குடி. நீ இந்த வேலைதானே பாக்குற? ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் குடேன்.”

திரையில் இவளுடைய வரி, ஒரு புள்ளி மாறாமல் இருந்தது. அனுதாபம் மட்டும் மெஷின் சேர்த்தது. மேலாளருக்குப் போன் போட்டாள்.

“அழிச்சா அழிச்சதுதான்மா. அழிச்சதைத் திரும்ப எடுக்க முன்னாடி வழி இருந்துச்சு. விதிவிலக்கே இல்லாதப்ப அது எதுக்குன்னு நீங்கதானே அதையும் தூக்கச் சொன்னீங்க?”

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது?

“பெத்தவ கேட்டா குடுக்கணும்னு ஒரு வரி எழுதத் தோணலையே!” அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “எவன் எழுதினானோ, அவன் குடும்பம் விளங்குமா?”

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“விளங்காதுக்கா,” என்றாள்.