மூன்றாம் குப்பி

பாரிஸில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுவதுதான் ரேமண்டின் வேலை. பத்து வருடமாகத் தொட்டியின் முன் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவர் பெயர்கூட மேலிடத்துக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் 1986 வசந்தத்தில், வியட்நாமிலிருந்து விஞ்ஞானிகள் வருகிறார்கள் என்றதும், அவர் சைகோனில் பிறந்தவர் என்பது எல்லோருக்கும் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. காரியம் என்றால் காலைப் பிடிக்க மனிதனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மூன்று நாள் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் அவர் தலையில் விழுந்தது.

அவருடைய அப்பா புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு சுங்க இலாகா வேலைக்காகச் சைகோன் போனவர். ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போன மறுவருடம் ரேமண்ட் மனைவி மரி-லூயிஸோடு பாரிஸ் வந்து சேர்ந்தார். அக்கா மதலேன் வரவில்லை. அவள் கட்டிக்கொண்டது வியட்நாம்காரரை. பழைய ராணுவத்தில் இருந்தவர் என்று அவரைச் சீர்திருத்த முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "அவரு திரும்பி வந்தா கதவைத் தொறக்க யாரு இருப்பா?" என்று சொல்லி மதலேன் தங்கிவிட்டாள். இப்போது இரண்டு வருடமாக அவளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இருக்கிறாளா, போய்விட்டாளா என்றுகூடத் தெரியாது.

வந்தவர்கள் இரண்டு பேர். பேராசிரியர் கியெம் மாஸ்கோவில் படித்தவர். ருஷ்ய மொழி வரும், பிரெஞ்சு வராது. கூட வந்தவர் தோழர் லோங். அவருக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது, பேராசிரியரைப் பற்றி எல்லாம் தெரியும். போர்க்காலத்தில் விமானங்கள் விஷம் தெளித்துக் கருக்கிய கண்டல் காட்டுச் சேற்றை ஐந்து குப்பிகளில் கொண்டுவந்திருந்தார்கள். அதை அளந்து பார்க்கும் கருவி அவர்கள் நாட்டில் இல்லை.

சைகோனில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்தெருவில் மதலேன் வீடு. ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பேராசிரியரைக் கேட்க வேண்டும். ரேமண்டுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் முகாமில் கிடப்பவனின் மனைவியைப் பற்றி லோங் காதுபடப் பேச முடியுமா? லோங்கோ நிழல் மாதிரி பேராசிரியர் கூடவே இருந்தார். இரவில்கூட இருவருக்கும் ஓட்டலில் ஒரே அறை.

கடைசி நாள் மாலை ரேமண்ட் அவர்களை ரூ பெர்தொனே தெருவில் யாழ்ப்பாணத்துக் குலசேகரத்தின் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். மண்டைக்குள் ஒரு கணக்கு இருந்தது. கையால் சாப்பிட்டால் கை கழுவ வேண்டும். கழுவும் தொட்டி சமையற்கட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது.

"வாங்கோ ரேமண்ட் ஐயா, இஞ்சை இருங்கோ" என்றார் குலசேகரம். "இவையளுக்குக் கரண்டி ரெண்டு தரட்டோ?"

"ஒண்ணு போதுங்க. அவருக்கு மட்டும் குடுங்க" என்று லோங்கைக் காட்டினார் ரேமண்ட்.

சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் தேங்காய்ப்பால் சொதியும் வந்தன. லோங் கரண்டியால் நாகரிகமாகச் சாப்பிட்டார். பேராசிரியர் ரேமண்டைப் பார்த்துப் பார்த்து விரலால் பிசைந்து, முழங்கை வரை வழிய விட்டார். முடிந்ததும் இருவரும் எழுந்தார்கள். லோங்கும் பாதி எழுந்தார்.

"அங்கை ரெண்டு பேருக்கு மேலை நிக்க இடம் காணாது" என்று குலசேகரம் சிரித்துக்கொண்டே கைகாட்டியதில் லோங் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

சந்துக்குள் நுழைந்ததும் பேராசிரியர் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். ரேமண்ட் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணா, மூன்றாம் குப்பி போர்க்காலத்துச் சேறு இல்லை. எங்கள் புதுத் தொழிற்சாலைக்குக் கீழே எடுத்தது. அங்கே குழந்தைகள் கை நடுங்கப் பிறக்கின்றன. அறிக்கையில் எல்லாமே பழைய விஷம் என்றுதான் எழுத முடியும். எங்கள் ஆலை என்று எழுதினால் நான் இருக்க மாட்டேன். அதில் பாதரசம் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாக வேண்டாம், நீங்களே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ரேமண்ட் தலையாட்டினார். "எனக்கு ஒரு அக்கா..." என்று ஆரம்பித்தபோது சந்து வாசலில் லோங் நின்றுகொண்டிருந்தார். கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார், பேராசிரியரின் நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார்.

அன்றிரவு ரூ பிலிப்-து-ஜிரார் தெரு வீட்டில் மரி-லூயிஸ் விழித்திருந்தாள். "கேட்டீங்களா?"

ரேமண்ட் எல்லாவற்றையும் சொன்னார். "குழந்தைங்கன்னு சொல்றாரு. நடுவுல எப்படி நான் நிறுத்தறது?"

அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, "அந்த ஜனங்களுக்குக் கேக்க அவரு இருக்காரு. மதலேனுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

"நான் இருக்கேன்" என்றார் ரேமண்ட். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஆய்வுக்கூட இயக்குநரிடம் மூன்றாம் குப்பி பற்றிச் சொன்னார். சொல்லாமல் விடலாமா என்று மெட்ரோவில் ஒரு கணம் நினைத்ததும் உண்மைதான். இயக்குநர் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தக் குப்பியைத் தனியே எடுத்து வைத்தார். அவருக்கு அதோடு காரியம் முடிந்தது.

விமான நிலையத்தில் விடைபெறும்போது லோங் ரேமண்டின் கையைப் பிடித்தார், விடவில்லை.

"நீங்களும் சைகோன்காரர்தானே? அங்கே சொந்தம் யாராவது இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். நானே போய்ப் பார்த்து எழுதுகிறேன்."

மூன்று நாளாக ரேமண்ட் ஏங்கிய வார்த்தை அது. மெய்யான அன்பாகவும் இருக்கலாம், சந்து வாசலில் நின்ற சந்தேகமாகவும் இருக்கலாம். பேராசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் வரை மதலேன் ஒரு கைதியின் மனைவி மட்டும்தான். இன்று அவள் ரகசியம் சுமப்பவனின் அக்கா. பாதரசக் கணக்கு வெளியே வரும் நாளில் அவர்கள் முதலில் தட்டும் கதவு அவளுடையதாக இருக்கும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.  ரேமண்ட் நல்ல வியட்நாமிய மொழியில், மரியாதையாகப் பதில் சொன்னார்.

"இல்லை தோழரே. எனக்கு அங்கே யாரும் இல்லை."