முதுகில் எட்டுக் காயம்

ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு ஸ்டெம் செல் மாற்றுவதில் டொக்டர்மாருக்கு ஊசி, மெஷின் எல்லாம் உண்டு. தாதியான எனக்குத் தொலைபேசி மட்டும்தான். வன்னியிலிருந்து நோயாளியையும், செல் கொடுக்கும் சகோதரத்தையும் குறித்த நாளில் கொழும்புக்கு அனுப்பிவைப்பது என் பொறுப்பு. மறுமுனையில் ஆள் எடுக்கும்வரை நகம் கடிக்கிற உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு என் பாடு விளங்கும்.

முள்ளந்தண்டு

ஜெயபுரத்தில் தோட்டம் செய்கிற செல்வராணிக்கு இரண்டு பிள்ளைகள். மருந்தேற்றி நோய் அடங்கியிருந்தது. அது திரும்பி வருமுன் புதுச் செல் ஏற்ற வேண்டும் என்றார்கள். நான்கு சகோதரங்களின் ரத்தத்தைப் பார்த்ததில் தம்பி யோகனுடையது மட்டும் பொருந்தியது. அன்று மாலையே அவர் தொலைபேசியை நிறுத்திவிட்டார்.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே போனேன். உழவு மெஷின் ஓட்டுகிற மனிதர், முள்ளந்தண்டைத் துளைப்பார்கள் என்று ஆரோ சொன்னதைக் கேட்டு ஒடுங்கிப்போயிருந்தார். சில நாள் ஊசி போட்டு, கை நரம்பால் ரத்தத்தை மெஷினுக்குள் விட்டு, வேண்டிய செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள் என்று விளங்கப்படுத்தினேன். கடைசியில் மனைவிதான் தீர்ப்புச் சொன்னா: "அவர் வருவார் மிஸ். வராட்டி நான் கட்டி ஏத்திக்கொண்டு வாறன்."

நேர்த்தி

கொழும்புக்குப் போகுமுன் பரிசோதனைக்கு வந்த யோகனைச் சேட்டைக் கழற்றச் சொன்னார் டொக்டர். முதுகில் வரிசையாக எட்டுக் காயம். அக்காவுக்குச் சுகம் வரவேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்து, முந்தின கிழமை முதுகில் முள் குத்தித் தொங்குகிற தூக்குக்காவடி எடுத்திருக்கிறார். செடில் குத்திய முள்ளால் கிருமி ஏதும் ஏறியிருந்தால் அது செல்லோடு நேரே அக்காவுக்குப் போகும். காயம் ஆறி, திரும்பப் பரிசோதிக்கும்வரை எல்லாம் தள்ளிப்போனது. அதற்குள் நோய் திரும்பினால்?

எனக்கு வந்த ஆத்திரத்தில் விறாந்தை முழுக்கக் கேட்க ஏசினேன். ஊசிக்குப் பயந்தவருக்கு எட்டு முள் குத்தப் பயமில்லையோ என்றும் கேட்டேன். யோகன் சேட்டைப் போட்டபடி சொன்னார்: "அது அம்மாள் குத்தினது மிஸ். இது ஆக்கள் குத்துறது."

காத்திருந்த கிழமைகள்

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைக்க மணி அடிக்கும். எடுத்தால் வேறு ஆள். செல்வராணியின் ரத்த முடிவு வரும் நாளில் ஆய்வுகூட வாசலில் போய் நிற்பேன். உள்ளே இருப்பவர்கள் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தப் பழகிவிட்டார்கள்.

நான் தம்பியை ஏசியது செல்வராணியின் காதுக்கும் போயிருந்தது. கிளினிக்குக்கு வந்தவ என்னைத் தனியே கூப்பிட்டா: "ஏசுறதெண்டா பிறகு ஏசுங்கோ மிஸ். அவன் கோவிச்சுக்கொண்டு போனா எனக்கு வேற ஆள் இல்லை."

புது ரத்தம்

நோய் திரும்பவில்லை, யோகனின் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. கொழும்பில் கடும் மருந்தேற்றி, ரத்தம் ஊறுகிற அக்காவின் எலும்பு மச்சையை அழித்துவிட்டுத் தம்பியின் செல்லை ஏற்றினார்கள். அது பிடிக்காவிட்டால் திரும்பிப் போகப் பழைய ரத்தமும் இல்லை. தினமும் வாட்டுக்குத் தொலைபேசி எடுத்து வெள்ளணு எண்ணிக்கை கேட்டேன். தினமும் பூச்சியம்.

பதினாறாம் நாள் செல்வராணியே எடுத்தா. வாய்ப்புண்ணால் இரண்டு கிழமை கதைக்காத குரல். எண்ணிக்கை ஏறுகிறதாம், ரத்த வகையும் மெல்ல மெல்லத் தம்பியுடையதாக மாறும் என்று டொக்டர் சொன்னாராம். எனக்குக் கதிரையில் இருந்தபடியே அழுகை வந்துவிட்டது. அவவுக்கு வேறு கவலை: "ரத்தம் மாறட்டும் மிஸ். அவன்ர பயமும் சேர்ந்து வருமோ?"

அவவுக்கு வந்ததோ தெரியாது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.