தேன்மொழியின் பெயரை அழித்தது நான்தான்

இன்டர்வியூ முடிந்து வெளியே வந்த தேன்மொழி, நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் மேஜையில் ஒரு புத்தகத்தைத் தொப்பென்று போட்டாள். "நான் இத்தப் பாத்து காப்பி அடிச்சிகினு வந்தேனாம் மிஸ்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு ஹெச்.ஓ.டி. தேன்மொழி பக்கத்து வடக்குத்து கிராமத்துப் பெண், கான்ட்ராக்ட் டீச்சர். பர்மனென்ட் ஆவதற்கான இன்டர்வியூ அது. பத்தாம் வகுப்புக்குத் தான் எழுதிய கணக்கு மெட்டீரியலை நம்பித்தான் போனாள். சும்மா சொல்லக் கூடாது, அருமையான வேலை. கன்வேயர் பெல்ட்டின் வேகம், மைன்ஸில் வெட்டிய பள்ளத்தின் கன அளவு, பிளாக் பிளாக்காக நின்று போகும் ஷிப்ட் பஸ் என்று எல்லாம் பிள்ளைகள் தினம் பார்ப்பவை. கணக்கென்றாலே ஓடுகிறவர்கள்கூட உட்கார்ந்து போட்டார்கள்.

மேஜையில் கிடந்தது ஒரு டியூஷன் சென்டர் அச்சடித்த புத்தகம். அட்டையில் சென்டர் முதலாளியின் கோட்டு சூட்டு படம். உள்ளே வரிக்கு வரி தேன்மொழியின் கணக்குகள்.

"உன் மெட்டீரியல்ல உன் பேரே இல்லியேம்மானு கேக்குறாங்க. நான் போட்டுத்தான மிஸ் குடுத்தேன்?"

போட்டுத்தான் கொடுத்தாள். யார் எழுதினாலும் முதல் பக்கத்தில் 'கணக்குத் துறை' என்று மட்டும் போடுவது எங்கள் வழக்கம். ஒருவர் பெயர் வந்தால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் என்று நானே கொண்டுவந்தது. அவள் பெயரை எடுத்துவிட்டுத்தான் ஃபைலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அங்கிருந்து எங்கெல்லாம் போனதோ!

அதைச் சொன்னேன்.

அவள் எனக்கு அனுப்பிய மெயிலைப் பெயரும் தேதியுமாகப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, இருவரும் பிரின்சிபாலிடம் போனோம். டியூஷன் புத்தகம் வந்தது அந்த மெயில் தேதிக்கு ரொம்ப நாள் கழித்து. பிரின்சிபால் பொறுமையாகப் படித்தார்.

"அந்த சென்டருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். ஆனா ஸ்கூல் சம்பளத்துல, ஸ்கூல் வேலையா எழுதினதும்மா. வேற அக்ரிமென்ட் இல்லாததால காப்பிரைட் ஸ்கூலுக்குத்தான் வரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தேன்மொழி குனியவில்லை.

"சொந்தம் ஸ்கூலுக்கே இருக்கட்டுங்க சார். எழுதினவ நான்தானுங்களே? அத எப்படிங்க மாத்த முடியும்?"

சட்டமும் அதையே சொல்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உரிமை யார் கைக்குப் போனாலும், 'இதை எழுதியது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவருக்கு உண்டு. இத்தனை வருட சர்வீஸில் இது தெரியாமல் இருந்தது வெட்கக்கேடு. புதிதாக வரும் டீச்சர்களே, பெயரும் தேதியும் போட்டு அனுப்புங்கள். அதை எடுக்க ஹெச்.ஓ.டி.யை விடாதீர்கள்.

'எழுதியது தேன்மொழி, பெயரை நீக்கியது நான்' என்று இன்டர்வியூ கமிட்டிக்குக் கடிதம் கொடுத்தேன். கூப்பிட்டு மறுபடி விசாரித்தார்கள். வேலை நிரந்தரமானது.

அடுத்த மெட்டீரியலை எனக்கு பிடிஎஃப்பாக அனுப்பினாள்.

"ஏம்மா, இதுல நான் எப்படித் திருத்துறது?"

"திருத்தம் இருந்தா சொல்லுங்க மிஸ். நானே பண்ணிக்கிறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் வலித்தது. வலிக்கட்டும்.